பிறவிக் குற்றமா? பெற்றவன் குற்றமா?

1931-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வேல் என்பார் எடுத்த ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் பேசும் படத்தை அண்மையில் நண்பர் சிலருடன் கண்டேன். படம் முடிந்ததும் ஒருவர், “வைத்தது கொலைகாரன் மூளை, பின் வேறெப்படி நடக்கும்?” என்றார். ஏனையோர் தலையசைத்தனர். எல்லோரும் ஆங்கிலம் கற்றவர்கள். ஆயினும் மூலநூலைப் புரட்டாதவர்கள். நெடுநாள் யானும் அவர்களில் ஒருவனே. அந்தத் தலையசைப்பை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்று. பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயரன்று. அதனைப் படைத்தவன் பெயர். பூதத்திற்கு நூலில் பெயரே கிடையாது. அது கண் விழித்த கணமே, அதன் உருவைக் கண்டு அருவருத்துப் படைத்தவன் அறையை விட்டு ஓடினான். பெயரிடுவது எங்ஙனம்?

மேரி ஷெல்லி அம்மையார் 1816-இல் ஜெனீவா ஏரிக்கரையில் தம் 18-ஆம் வயதில் எழுதத் தொடங்கி, 1818-இல் வெளிவந்த நூல் அது. அதிலே பூதம் பேசுகிறது. மில்டனின் காவியத்தையும் புளூட்டார்க்கின் வரலாறுகளையும் கற்கிறது. ஓர் ஏழைக் குடும்பத்திற்காக இரவில் மறைந்து சென்று விறகு சேர்த்து வைக்கிறது. அக்குடும்பத்தின் கண்ணில்லாக் கிழவர் அன்பாய்ப் பேசுகிறார். கண்ணுள்ள மகன் தடியால் அடித்துத் துரத்துகிறான். ஆற்றில் விழுந்த சிறுமியை அது காப்பாற்றுகிறது. கிடைத்த கூலியோ துப்பாக்கிக் குண்டு! இவ்வளவிற்கும் பின்னரே அது கொலையில் இறங்குகிறது. நூலாசிரியை அக்கொலைகளை மறைத்தாரல்லர். அவற்றின் காரணத்தைக் கேட்டார்.

படம் என் செய்தது? பூதத்தின் பேச்சைப் பறித்தது. உதவியாள் ஒருவன் நல்ல மூளையுள்ள ஜாடியைத் தவறவிட்டு உடைத்து, கொடியோன் மூளையுள்ள ஜாடியைக் கொண்டு வருகிறான். நூலில் அந்த ஜாடியும் இல்லை, அந்த உதவியாளும் இல்லை. நூலில் சிறுமியைக் காத்த கைகள், படத்தில் மலர்போல் மிதப்பாளென்று எண்ணி ஒரு சிறுமியை ஏரியில் எறிகின்றன.

“படத்திற்கு அச்சம் வேண்டும்; மாற்றினால் என்ன?” என்பாருளர். மாற்றுக; அதில் வழக்கில்லை. பேச்சின்றியே போரிஸ் கார்லாஃபின் முகம் நம் இரக்கத்தைக் கவர்வதையும் ஒப்புகிறேன். அதே வேல் 1935-இல் எடுத்த தொடர்ச்சியில் பூதத்தைப் பேசவும் வைத்தார். ஆனால் அந்த ஜாடி வெறும் மாற்றமன்று, தீர்ப்பையே புரட்டியது. ஓடிப்போன தகப்பன் மீதிருந்த பழி, பிறந்த பிள்ளையின் மண்டைக்குள் புகுத்தப்பட்டது. ‘இன்ன பிறப்பினன் இப்படித்தான்’ என்னும் சொல்லால் தலைமுறை தலைமுறையாய் அடிபட்ட நாமா அதற்குத் தலையசைப்பது? என்னே பேதைமை!

படத்தின் தொடக்கத்தில் நூலாசிரியை பெயரும் ‘திருமதி பெர்ஸி ஷெல்லி’ என்றே வருகிறது. பூதத்திற்குப் பெயரில்லை; அதனை எழுதிய பெண்ணுக்கோ கணவன் பெயர்!

2025-இல் கில்லெர்மோ டெல் டோரோ எடுத்த படத்தில் பூதம் தன் கதையைத் தானே கூறுகிறது. அதற்கும் ‘அச்சம் போதவில்லை’ என்று குறை சொல்வார் உளர். துரத்தப்பட்டவன் வாய்திறந்து நியாயம் கேட்பதைவிட அச்சந்தருவது வேறென்ன?

அன்பர்களே! படம் பாருங்கள், வேண்டாமென்னவில்லை. நூலையும் படியுங்கள். பிறகு சொல்லுங்கள், குற்றவாளி யாரென்று.