எண் வந்தால் போதுமா?

சர்க்கரை நோயாளியின் காலைச் சோதிக்க இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. அதிர்வு உணர்வை வோல்ட்டில் அளக்கும் பயோதெசியோமீட்டர், ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர், உள்ளங்காலில் எடை எங்கே விழுகிறது என்று வண்ணத்தில் காட்டும் அழுத்தப் பலகை என வரிசையாக வந்துவிட்டன. இவற்றை இயக்கச் செவிலியருக்கும் டெக்னீஷியனுக்கும் பயிற்சியும் தரப்படுகிறது. ஆனால், எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு அந்தப் பயிற்சி முடிந்துவிடக் கூடாது.

பாதம் கெடுவதற்கு முதல் காரணம், உணர்வு மரத்துப்போவது. 1946-இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் வரும் புண்ணுக்கு வலி தெரியாமல் படும் காயங்களே காரணம் என்று காட்டினார். சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அதுவே பொருந்தும்.

உணர்வைச் சோதிக்க எளிய கருவி, 10 கிராம் விசையில் வளையும் மோனோஃபிலமெண்ட் என்ற நைலான் இழை. எளிது என்பதாலேயே தவறும் எளிதாக நேர்கிறது. முதலில் நோயாளியின் கையில் வைத்துக் காட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, காய்ப்பு இல்லாத இடத்தில் இழை வளையும்வரை அழுத்த வேண்டும். “தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே போனால், மரியாதைக்காகவே “தெரியுது” என்பவர்கள் உண்டு. அதனால் இடையில் ஒருமுறை தொடாமலே கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரே இழையை ஓய்வின்றிப் பலருக்குப் பயன்படுத்தினால் அது தளர்ந்துவிடும்.

டாப்ளர் விஷயம் இன்னும் நுட்பமானது. அதன் உதவியோடு அளந்த கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால், காலுக்கு ரத்தம் குறைவு என்று பொருள். சரி, 1.4 வந்தால்? ஓட்டம் பிரமாதம் என்று அனுப்பிவிடுவது ஆபத்து. நெடுநாள் சர்க்கரை நோயில் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து விறைத்துப்போகும். அழுத்தம் அளக்கக் கட்டும் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தமனி அமுங்காது, எண் மட்டும் ஏறும். உள்ளே அடைப்பு இருக்கும்போதே எண் இயல்பாகத் தெரிவதும் உண்டு. கால்விரல் தமனிகள் அவ்வளவாக விறைப்பதில்லை. ஆகவே, சந்தேகம் வந்தால் கால் பெருவிரலின் அழுத்தத்தை எடுக்க வேண்டும்.

இரு பாதங்களிலும் ஒரே இடத்தின் வெப்பத்தை ஒப்பிடும் அகச்சிவப்பு வெப்பமானியும் அப்படித்தான். வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளே அழற்சி இருக்கலாம். அது கிருமித்தொற்றா, வலியில்லாமல் எலும்பு நொறுங்கும் ஷார்கோ பாதமா என்று கருவி சொல்லாது.

அளந்த பிறகு என்ன செய்வது என்பதும் பாடத்தில் இடம்பெற வேண்டும். உணர்வும் ரத்த ஓட்டமும் நன்றாக உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும். முன்பு புண் வந்து, உணர்வும் இழந்தவரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். யாருக்குத் தனிச் செருப்பு, யாருக்குக் காய்ப்பைச் சீவுவது, யாரை உடனே ரத்தநாள அறுவை நிபுணரிடம் அனுப்புவது என்று பிரித்தறியத் தெரிந்தவருக்கே சான்றிதழ் தர வேண்டும்.