கொடி நாள் காசு யாருக்குப் போகிறது?



டிசம்பர் 7 வருகிறது. படைவீரர் கொடி நாள். என்னிடம் படித்தவர்களுக்கு அந்தச் சின்னக் காகிதக் கொடி ஞாபகம் இருக்கும். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் மூன்று நிறம். வகுப்புக்கு இத்தனை என்று ஒரு கட்டு வந்துவிடும். விற்றாக வேண்டும். காசு கொண்டுவராத பிள்ளையை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. மீந்த கொடிக்கு என் கைக்காசைப் போட்டுக் கணக்கை முடிப்பேன்.

ஒரு வருடம் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், இந்தக் காசு யாருக்குப் போகும்?" "மிலிட்டரிக்குடா" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

தப்பான பதில். துப்பாக்கி வாங்க அரசாங்கத்தின் பட்ஜெட் இருக்கிறது. 1949-லிருந்து இந்த வசூல் நடப்பது முன்னாள் வீரர்களுக்காக, போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்காக, கை கால் இழந்து வந்தவர்களுக்காக. அந்தப் பையனின் தாத்தா சில வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சிப்பாய்க்கு 15 வருட சர்வீஸ் இல்லையென்றால் பென்ஷன் கிடையாது. அவர் போன பிறகு பாட்டி இலவம்பஞ்சு எடுக்கக் கூலிக்குப் போனார். அந்த வீட்டிலும் நாங்கள் கொடி விற்றோம். உங்களுக்கே உதவி உண்டு, போய்க் கேளுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் தெரியாது.

"பட்டாளத்தானைப் பார்க்க வேண்டியது அரசாங்கம்தானே, நம்மிடம் ஏன் வசூல்?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பென்ஷன் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு இந்த நிதிதான் கை கொடுக்கிறது. பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய, ஹவில்தார் வரையிலான முன்னாள் வீரருக்கும், அவர் மனைவிக்கும் மாத உதவி உண்டு. பிள்ளைகள் படிப்புக்கும், மகள் கல்யாணத்துக்கும் உண்டு. ஆனால் கேட்டால்தான் வரும்.

அதனால் பள்ளிக்கூடத்தில் இத்தனை விற்க வேண்டும் என்ற கணக்கை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஒரு பிள்ளை கொடி வாங்காவிட்டாலும் பரவாயில்லை, காசு யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

சென்னை, கோயம்புத்தூர், வெளிநாடு என்று இருக்கும் நீங்கள் பணம் அனுப்புங்கள், வருமான வரிச் சலுகையும் உண்டு. ஊரில் இருப்பவர்கள் உங்கள் தெருவில் பழைய பட்டாளத்து வீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மயிலாடும்பாறை, வருசநாடு பக்கம் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இருந்தால் தேனியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை மறக்காதீர்கள், கிழிந்திருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள், கண்டமனூர் வழி பஸ்ஸில் நானே வருகிறேன்.