பயிற்சியின் விளைச்சலை யார் கணக்கெடுப்பது?

கமக்காரர் எவரும் சாக்கின் அழகைப் பார்த்து விதைநெல் வாங்குவதில்லை. சென்ற போகத்தில் அதே இனத்தை விதைத்தவரிடம் போய், ஏக்கருக்கு எத்தனை மூடை கண்டீர்கள், நோய் தாக்கியதா, தண்ணீர் குறைந்தபோது பயிர் தாக்குப்பிடித்ததா என்று விசாரித்த பின்னரே வாங்குகிறார். அதே கமக்காரர் தமது பிள்ளையைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பும்போது இப்படி விசாரிக்க வழியில்லை. கைக்கு வரும் துண்டுப்பிரசுரத்தில் பாடநெறியின் பெயர், பயிற்சிக் காலம், வேண்டிய தகைமை, விண்ணப்ப முடிவுத் திகதி ஆகியன இருக்கும். சென்ற ஆண்டு அங்கே பயின்றவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்பது இராது.

இக்குறையைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம். கற்கும்போது மாணவரின் கருத்தைக் கேட்பதும், கற்று வெளியேறிய பின் அவரது நிலையை அறிவதும் பல்கலைக்கழகங்களோடு நின்றுவிடக் கூடாது. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் அவை ஒழுங்காக விரிவாக்கப்பட வேண்டும். அவற்றின் பெறுபேறு பெற்றோரின் கைக்கும் வந்து சேர வேண்டும்.

காணிக்குப் பதிலாக ஒரு தொழில்

எமது விவசாயக் குடும்பங்களுக்கு இது ஏன் முக்கியம்? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்கள், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ நேர்ந்த முஸ்லிம் மக்கள், 2008, 2009இல் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தவர்கள் என எல்லோரும் முதலில் இழந்தது விளைநிலத்தை. மெனிக் பாம் முகாம் 2012இல் மூடப்பட்டது. ஆனால் திரும்பிச் சென்ற எல்லோருக்கும் முன்பு செய்த காணி முழுவதும் கிடைக்கவில்லை. வலிகாமம் வடக்கில் இன்றும் தமது காணிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு முதுசமாகப் பிரித்துக் கொடுக்கக் காணி இல்லாதவிடத்து, அவர்களின் கையில் ஒரு தொழிலைக் கொடுப்பதே பெற்றோர் செய்யக்கூடியது.

கட்டணம் இல்லாத பாடநெறி என்றாலும் குடும்பத்திற்கு அது இலவசமாகாது. கூலிக்குப் போகக்கூடிய ஒருவர் ஆறு மாதமோ ஓர் ஆண்டோ உழைக்காதிருக்கிறார். பஸ் காசு, மதியச் சாப்பாடு, காலணி என்று நாளாந்தம் செலவு வருகிறது. அதற்காக நகையை அடகு வைக்கும் தாய்மாரும் உண்டு. ஓர் ஆண்டு வீணானால் அதைத் திருப்பிக் கொடுக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. இவ்வளவு முதலிடும் குடும்பத்திற்கு, முன்பு பயின்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை அறியும் உரிமை இல்லையா?

ஏணி இருக்கிறது, ஏறியவர் கணக்கு இல்லை

எமது நாட்டில் இத்துறைக்கு அமைப்புகள் குறைவில்லை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அமைந்தது. பயிற்சி நிறுவனங்களைப் பதிவதும் தரம் பார்ப்பதும் அதன் பொறுப்பு. 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் தொழிற்பயிற்சி அதிகாரசபை உருவானது. பின்னர் தேசிய தொழிற்றகைமை முறை வந்தது. அதில் ஏழு மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். பட்ட மட்டத்திற்கென 2008இல் தனியொரு தொழிற்கல்விப் பல்கலைக்கழகமும் சட்டமாக்கப்பட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இல் திறக்கப்பட்டது.

ஆக, ஏணி இருக்கிறது. அதில் எத்தனை பேர் ஏறினார்கள், எந்தப் படியில் நின்றுவிட்டார்கள், ஏன் இறங்கினார்கள் என்ற கணக்கே எம்மை வந்து சேர்வதில்லை. ஆண்டறிக்கைகளில் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது என்ற எண்கள் வரும். இது விதைத்த பரப்பைச் சொல்லி விளைச்சலைச் சொல்லாமல் விடுவது போன்றது. பயின்று வெளியேறியோரைத் தேடி விசாரிக்கும் தொடராய்வுகள் இடையிடையே நடந்துள்ளன என்பது உண்மை. ஆனால் பெற்றோரின் கேள்வி நாடு முழுவதையும் பற்றியதல்ல. எங்கள் பக்கத்து நிலையத்தில், இந்தப் பாடநெறியைப் படித்தால் என்ன ஆகும் என்பதே அவர்களின் கேள்வி.

பல்கலைக்கழகங்களில் விரிவுரைத் தொடரின் முடிவில் மாணவரிடம் கருத்துப் படிவம் கொடுப்பது இன்று வழக்கம். பட்டமளிப்பு விழாவையொட்டிப் பட்டதாரிகளிடம் தொழில் பற்றிய வினாக்கொத்து நிரப்புவிக்கப்படுவதும் உண்டு. ஆனால் உயர்தரம் எழுதுவோரில் பல்கலைக்கழகம் செல்வோர் ஒரு பங்கினரே. ஏனையோரின் கருத்து ஏன் கேட்கத் தகாததாயிற்று?

வெளிநாட்டு அனுபவம் ஒன்று

இங்கிலாந்தில் 2005இல் தேசிய மாணவர் கருத்தாய்வு தொடங்கியது. கற்பித்தல் எப்படி, மதிப்பீடு நியாயமானதா, வசதிகள் போதுமா என்று இறுதியாண்டு மாணவரிடம் கேட்டு, பெறுபேற்றை எல்லோரும் பார்க்க வெளியிட்டனர். 2008இல் இது அங்குள்ள மேற்படிப்புக் கல்லூரிகளில் உயர்கல்விப் பாடநெறி பயில்வோருக்கும் விரிவாக்கப்பட்டது. இக்கல்லூரிகள் எமது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒத்தவை. வேலை செய்துகொண்டே படிப்போரும் வீட்டிலிருந்து போய்வருவோரும் அங்கே அதிகம். வெளியேறியவர்களின் நிலையை முன்பு ஆறு மாதத்தில் கேட்டார்கள். 2018 இறுதியில் தொடங்கிய புதிய கணக்கெடுப்பில் ஏறக்குறைய 15 மாதம் கழித்துக் கேட்கிறார்கள். ஆறு மாதத்தில் ஒருவரின் நிலை உறுதியாகத் தெரிவதில்லை என்பதே இம்மாற்றத்தின் பாடம்.

அங்கும் சிக்கல்கள் எழுந்தன. குறைந்தது 10 பேர் பதிலளித்து, அவர்கள் பாதிப் பேருக்குக் குறையாதிருந்தால் மட்டுமே பெறுபேறு வெளியிடப்படும் என்ற விதி இருந்தது. பெரிய பல்கலைக்கழகத்திற்கு இது எளிது. பன்னிருவர் படிக்கும் கல்லூரி வகுப்புக்குக் கடினம். 2017இல் மாணவர் சங்கங்கள் பல இக்கருத்தாய்வைப் புறக்கணித்தன. மாணவரின் பதில்கள் கட்டண உயர்வோடு தொடர்புபடுத்தப்பட்டதே அதற்குக் காரணம். உண்மையைச் சொன்னால் தமக்கே பாதகம் வரும் என்று கண்டால், எந்த நாட்டிலும் மக்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

எதை, எப்போது கேட்பது?

எமது நிலைமைக்கு மூன்று தடவை கேட்பதே பொருத்தம் என்று எண்ணுகிறோம்.

முதலாவது, பயிற்சியின் நடுவில். இயந்திரங்கள் இயங்குகின்றனவா? ஒவ்வொருவருக்கும் தம் கையால் செய்து பார்க்க இடம் கிடைக்கிறதா? பாடக்குறிப்புகள் தமிழில் உள்ளனவா? பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான மலசலகூடம் உண்டா? வகுப்பு முடியும் நேரத்தில் பஸ் இருக்கிறதா? நடுவில் கேட்டால், அந்த வகுப்பினரே திருத்தத்தின் பயனைப் பெறலாம்.

இரண்டாவது, வெளியேறி ஓராண்டின் பின். தொழிற்றகைமை மதிப்பீட்டுக்கு எத்தனை மாதம் காத்திருந்தார்கள்? கற்ற தொழிலில்தான் வேலையா? வருமானம் கூலி வேலையைவிட மேலா?

மூன்றாவது, மூன்று ஆண்டுகளின் பின். இதற்கு மேசன் தொழிலே நல்ல உதாரணம். போரின் பின் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மட்டும் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் கட்டப்பட்டன. அக்காலத்தில் மேசன்மாரைத் தேடி அலைந்தோம். அப்போது பயிற்சி பெற்றவரை ஆறு மாதத்தில் கேட்டிருந்தால், பயிற்சி முழு வெற்றி என்றே கணக்கு வந்திருக்கும். வீட்டுத்திட்டங்கள் முடிந்தபின் அந்த அளவு வேலை இருக்கவில்லை. அடுத்து எத்தொழிலைப் பயிற்றுவது என்று தீர்மானிக்க இந்த மூன்றாவது கேள்வியே உதவும்.

கேட்கும் மாதமும் கவனத்திற்குரியது. தை, மாசியில் கேட்டால் எல்லோரும் அருவி வெட்டில் நிற்பார்கள். எனவே ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் கேட்டால்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

படிவத்தில் ‘சம்பள வேலை உண்டா, இல்லையா’ என்று மட்டும் இருந்தால் எமது பிள்ளைகளில் பலர் வேலையற்றோர் ஆகிவிடுவர். நீரிறைக்கும் இயந்திரமும் லாண்ட்மாஸ்டரும் திருத்தக் கற்று, தோட்டத்தையும் செய்துகொண்டு அயலாரின் இயந்திரங்களையும் பார்க்கும் இளைஞர் வேலையற்றவரா? வீட்டில் தையல் இயந்திரம் வைத்துப் பாடசாலைச் சீருடை தைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண் வேலையற்றவரா? இவர்களுக்கும் படிவத்தில் இடம் வேண்டும்.

இடைநடுவில் விலகியவர்களையும் கட்டாயம் கேட்க வேண்டும். பஸ் காசு இல்லாமலா, தகப்பனுக்கு நோய் வந்ததாலா, கற்பித்தது விளங்காமலா விலகினார்கள்? முடித்தவர்களை மட்டும் கேட்பது, பதரை ஒதுக்கிவிட்டு மணியை மட்டும் நிறுத்து விளைச்சல் சொல்வதற்குச் சமம்.

அச்சங்களும் நியாயங்களும்

போதனாசிரியர்கள் சிலர் அஞ்சக்கூடும். கண்டிப்பானவருக்குப் பிள்ளைகள் குறைவான புள்ளியிடுவார்களே என்பர். இது நியாயமான கவலை. அதனால்தான் நடுவில் சொன்ன கருத்தையும் மூன்று ஆண்டின் பின் சொல்லும் கருத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கண்டிப்பின் அருமை தொழிலில் இறங்கிய பின்னரே பலருக்கு விளங்கும். பன்னிருவர் உள்ள வகுப்பில் பெயரில்லாப் படிவமும் எழுத்தைக் கொண்டு யாருடையது என அறியப்படும். ஆகவே படிவத்தைப் போதனாசிரியர் சேகரிக்கக் கூடாது. இரண்டு, மூன்று தொகுதியினரின் பதில்களைச் சேர்த்து வெளியிடுவது சிறிய வகுப்புகளுக்கு நல்ல வழி.

முல்லைத்தீவில் உள்ள நிலையத்தையும், கைத்தொழில் வலயங்கள் நிறைந்த கம்பஹாவில் உள்ள நிலையத்தையும் வேலை பெற்றோர் வீதத்தால் மட்டும் ஒப்பிடுவது அநீதி. அருகில் தொழிற்சாலை இல்லாதது போதனாசிரியரின் குற்றமல்ல. பெறுபேறு குறைந்த நிலையத்தை மூடுவதற்கு இக்கணக்கைப் பயன்படுத்தினால், முதலில் பாதிக்கப்படுவது பின்தங்கிய கிராமங்களே. குறைந்த பெறுபேறு வந்த இடத்திற்குப் புதிய உபகரணமும், பஸ் சேவையும், தொழில் வழங்குநரோடு தொடர்பும் போக வேண்டும்.

இன்னுமோர் அச்சம் எமக்கே உரியது. படிவத்தையும் பெயர்ப் பட்டியலையும் கண்டாலே நெஞ்சு படபடத்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். முகவரி அடிக்கடி மாறியவர்களும் நாமே. எனவே பதிலளிப்பது விருப்பத்திற்குரியதாக இருக்க வேண்டும். தேடிப் பிடிப்பதற்காக உறவினர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைப் பெறலாம். ஆனால் அவ்விபரம் கல்வித் தேவைக்கன்றி வேறெந்த அலுவலகத்திற்கும் போகாது என்ற உறுதி எழுத்தில் தரப்பட வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

இதெல்லாம் மேலிடத்தில் நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கமக்காரர் அமைப்பும் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கூடும் இடத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளில் ஊரிலிருந்து பயிற்சிக்குப் போனவர்கள் யார், எங்கே, எதைப் படித்தார்கள், அவர்கள் விரும்பிச் சொன்னால் இன்று என்ன செய்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். அடுத்த ஆண்டு பிள்ளையை அனுப்ப நினைப்பவர் அவர்களில் ஒருவரைச் சந்தித்துப் பேசலாம்.

அரச நிறுவனங்களிடம் கேட்கவும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். குறித்த பாடநெறியில் மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் முடித்தனர், எத்தனை பேர் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்றனர், பின்னர் அவர்களைப் பற்றி ஏதும் விசாரிக்கப்பட்டதா என்று கேளுங்கள். தனியாட்களின் பெயர் வேண்டாம். எண்கள் போதும். விசாரிக்கவில்லை என்ற பதில் வந்தாலும் அது பயனுள்ள பதிலே. அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் பேசலாம்.

பொறுப்பானோரிடம் நாம் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு நிலையத்தின், ஒவ்வொரு பாடநெறியின் பெறுபேறும் ஒரு பக்கத்தில், எளிய தமிழில், விண்ணப்பம் கோரப்படுவதற்கு முன்பே பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் தொங்கவிடப்பட வேண்டும். அடுத்த விண்ணப்பப் படிவம் வீட்டுக்கு வரும்போது அதை நிரப்புவதற்கு முன், சென்ற முறை படித்தவர்கள் எங்கே என்று ஒருவராவது கேட்கட்டும். பலர் கேட்கத் தொடங்கினால், பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டிய நிலை நிறுவனங்களுக்கும் தானாகவே வரும்.