அத்தையின் பொறுப்பும் அன்னையின் கூலியும்

2024 மே 19 அதிகாலையில் புனே கல்யாணி நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் சொகுசுக் கார் மோதி இளம் பொறியாளர் இருவர் மாண்டனர். அன்றே பிணை வழங்கிய சிறார் நீதி வாரியம், சாலை விபத்துகள் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுதுமாறு நிபந்தனை விதித்தது. நாடு கொதித்தது. பின்னர்க் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்ட அச்சிறுவனை, ஜூன் 25 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்து அத்தையின் பொறுப்பில் ஒப்படைத்தது. உளவியல் ஆலோசனை தொடரவேண்டும் என்றது.

'பெரியவனாகக் கருதித் தண்டி' என்ற முழக்கத்தில் அன்று நம் தோழர்கள் சிலரும் கலந்துகொண்டனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரத்த மாதிரியை மாற்றியதாகத் தொடரப்பட்டுள்ள வழக்கு வேறு. குழந்தையை உறவினரிடம், ஆலோசனையின் துணையோடு ஒப்படைக்கும் நெறி வேறு. பின்னது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் வகுத்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், அதில் மனவுணர்வுத் தேவைகளும் உறவுகளும் இடம்பெற வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள். குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் சொற்களே கூடாது என்கிறது சட்டத்தின் மூன்றாம் பிரிவு. சொற்களோடு மல்லாடியே முடி நரைத்த எனக்குப் பிடித்த வரி அது.

ஆனால் இவை வாரியத்தின் முன்போ குழந்தைகள் நலக்குழுவின் முன்போ வந்து நிற்கும் குழந்தைக்கு. அங்கே போய் நிற்கும் முன்பே தடுமாறும் குழந்தைக்கு என்ன இருக்கிறது?

கட்கி பக்கத்தில் வாழும் தமிழ்ப் பெண் ஒருவர், மகனின் பள்ளி அனுப்பிய மராத்திக் கடிதத்தைப் படித்துச் சொல்லுமாறு என்னிடம் வந்தார். பத்து வயதுப் பையன். பிள்ளைகளை அடிக்கிறான், பலகையை உடைக்கிறான். நான்கு வீடுகளில் சமையல் செய்யும் அவரை ஆறு முறை அழைத்திருக்கிறார்கள். எல்லாம் காலை பதினொரு மணிக்கு. ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போயிற்று. கடிதத்தின் கடைசி வரி: 'பெற்றோர் ஒத்துழைப்பதில்லை.' அதை மொழிபெயர்க்க நா எழவில்லை.

"அவங்க அப்பா செத்ததுக்கு அப்புறந்தான் இப்படி, அண்ணே. அதை அங்க யாருமே கேக்கல" என்றார்.

குடும்பத்தை மையமாகக் கொண்ட ஆதரவு என்று அரசு பேசும்போது நாம் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் இதுவே. மையத்தில் வைப்பதென்பது பாரத்தைத் தாயின் தலையில் இறக்கிவைப்பதன்று. அவர் எப்போது வரமுடியும், எம்மொழியில் பேசுவார், வீட்டில் என்ன நேர்ந்தது என்ற கேள்விகளிலிருந்து திட்டம் தொடங்கவேண்டும். 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் உண்டெனத் தேசிய மனநல ஆய்வு (2015–16) கண்டது. இத்தனை வீடுகளின் கதவைத் தட்டுவது யார்? வீட்டு நிலைமை அறிந்தவர்கள் அங்கன்வாடி, ஆஷா ஊழியர்கள். அவர்களுக்கோ ஊதியமில்லை, 'மதிப்பூதியம்' மட்டுமே. மகாராஷ்டிரத்தில் 2023 டிசம்பரில் அங்கன்வாடி ஊழியர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தைக் கூலிப் போராட்டமாக மட்டும் நாம் எழுதினோம். அது இப்பிள்ளைகளுக்கான போராட்டமும் ஆகும். பயிற்சியும் முழு ஊதியமும் பெற்ற ஊழியர், பள்ளிதோறும் ஆலோசகர், பள்ளிச் சந்திப்புக்குச் செல்லும் தாய்க்குக் கூலி இழப்பீடு ஆகியவை நம் கோரிக்கைப் பட்டியலில் ஏறவேண்டும்.

ஏழாம் அழைப்புக்கு மாதர் சங்கத் தோழர்கள் இருவருடன் நானும் சென்றேன். சந்திப்பை மாலை ஆறு மணிக்கு மாற்றினார்கள். அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, தந்தை இறந்த செய்தியை வகுப்பாசிரியை பதிவேட்டில் எழுதிக்கொண்டார். ஆலோசகர் இன்னும் வரவில்லை.