கரும்பாலைக் கழிவு கழனிக்கே உரியது

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலுள்ள குடியானவர் பலர் தங்கள் கரும்பை முண்டியம்பாக்கம், பெரியசெவலை முதலிய ஊர்களிலுள்ள சர்க்கரை ஆலைகளுக்கு அனுப்புகின்றனர். சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் வடிக்கும் தொழில் இந்நாட்டில் பெருகிவிட்டது. பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலத்தல் என்னும் இலக்கும் 2025-ஆம் ஆண்டில் எய்தப்பட்டது. இவ்வாறு வண்டிகள் ஓடுதற்குரிய எரிபொருளைக் கழனி தருகின்றது. அக்கழனிக்குத் திரும்பி வருவது யாது என்பதே விவசாயிகள் கேட்க வேண்டிய கேள்வி.

சர்க்கரையும் எரிசாராயமும் காற்று, நீர், சூரிய ஒளி ஆகியவற்றால் உண்டானவை. கரும்பு மண்ணிலிருந்து உறிஞ்சிய மணிச்சத்தும் சாம்பற்சத்தும் அவற்றில் இல்லை. சாற்றைத் தெளியவைக்கும்போது பிரியும் பிரஸ்மட் என்னும் கழிவுமண்ணில் மணிச்சத்து மிகுதி. சாராய ஆலையின் கழிவுநீரில் சாம்பற்சத்து மிகுதி. 1 டன் கரும்பிலிருந்து சுமார் 30 முதல் 40 கிலோ கழிவுமண் கிடைக்கும். 1 லிட்டர் எரிசாராயம் வடித்தால் 8 முதல் 15 லிட்டர் வரை கழிவுநீர் சேரும். சாம்பற்சத்து உரத்தையோ இந்நாடு கப்பல் வழியே பிறநாடுகளிலிருந்து வருவிக்கின்றது. கையிலுள்ளதை வாய்க்காலில் விட்டு, அதனையே காசு கொடுத்து வாங்குவது நல்ல வேளாண்மை ஆகாது.

இக்கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுக்கும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் காரணமற்றதன்று. பக்குவப்படாத கழிவுநீர் புளிப்பும் உப்பும் மிக்கது. ஏரியிலோ ஆற்றிலோ கலந்தால் நீரிலுள்ள பிராணவாயுவைப் போக்கி மீன்களை அழிக்கும். பிரேசில் தேசத்தார் 1978-இல் அதனை ஆறுகளில் விடுவதைத் தடுத்து, கரும்பு வயல்களுக்குப் பயன்படுத்தும் முறையைப் பரப்பினர். ஆதலின் குற்றம் பொருளிலன்று, அதனைக் கையாளும் முறையிலேயே உள்ளது.

எரிவாயு பிரித்த கழிவுநீரைக் கழிவுமண் குவியல்களின்மீது தெளித்து, அடிக்கடி புரட்டிவந்தால், சுமார் இரண்டு மாதங்களில் சூடும் நாற்றமும் நீங்கி நல்ல மக்குரமாகும். மக்காத கழிவைப் பயிரின் அருகே இடலாகாது. கரும்புக்கு ஏக்கருக்குத் தொழுவுரம் 5 டன், அன்றிக் கழிவுமண் 15 டன் கடைசி உழவுக்கு முன் இடலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மாடுகள் குறைந்து தொழுவுரம் அரிதாகிவிட்ட வீடுகளுக்கு இது பேருதவியாகும்.

கரும்புக் கழனிக்கு மட்டுமன்றி மானாவாரி மணிலாவுக்கும் மக்குரம் ஏற்றதே. திண்டிவனத்தின் பெயரை டி.எம்.வி. என்னும் எழுத்துக்களில் தாங்கிய மணிலா வகைகள் நாடெங்கும் பேர்பெற்றவை. எனினும் மக்குச்சத்து வற்றிய செம்மணலில் ஈரம் நில்லாது. அங்கே நல்ல விதையும் தன் முழுப் பயனைத் தராது. உவர் நிலத்திலும் நீர் தேங்கும் நிலத்திலும் மட்டும், மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்த பின்னரே இவ்வுரத்தை இடல் வேண்டும்.

கூலியும் வண்டிச் செலவும் மிகும் என்பது மற்றொரு தடை. கரும்பு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரியிலும் டிராக்டரிலும் உரம் ஏற்றி வந்தால் அச்செலவு பெரிதும் குறையும். ஒருவர் தனித்துக் கேட்பதைவிட, ஓர் ஊரார் ஒன்றுகூடி, மக்கிய உரத்தையே தரும்படி ஆலையாரைக் கேட்பது நலம். பக்குவப்படாத கழிவுநீர் வாய்க்காலிலும் ஏரியிலும் கலவாதவாறு காப்பது கிராம அதிகாரிகளின் கடமை. கரும்போடு சென்ற சத்து மீண்டும் கழனியை அடையுமாயின், எரிபொருளுக்கென விளைக்கும் கரும்பால் நிலம் மெலியாது.