ஹெட்றெஸ்டைக் கழட்டி டிக்கிக்குள் போட்டது நாங்கள்தான்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் காரில் போன எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். கார் முறிகண்டியில் நிற்கும். ஒருவர் தேங்காய் உடைக்கப் போவார், இன்னொருவர் கச்சான் வாங்கப் போவார். மிச்ச ஆக்கள் இறங்கி, நாரியில் கையை வைத்து வளைந்து நிமிர்ந்து, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, "என்ன சீற்றடாப்பா இது" என்பார்கள். இன்னும் பாதித் தூரம்கூட வந்திருக்கமாட்டோம்.

நாங்களும் அப்படித்தான் நின்றோம். போன வருசம், கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போகும் வழியில். பற்ச் பிள்ளைகள் நாலு பேர், ஹயருக்குப் பிடித்த கார், ஓடுகிற அண்ணை. பின்சீற்றில் ஓரத்தில் இருந்தவள் கிளிநொச்சி தாண்டும்போதே புறுபுறுக்கத் தொடங்கிவிட்டாள். தலைக்குப் பின்னால் இருக்கிற அந்தத் துண்டு கொண்டையில் இடிக்குது, தலையை முன்னுக்குத் தள்ளுது, நித்திரை கொள்ள ஏலாமல் இருக்குது என்று. முறிகண்டியில் வைத்து நாங்களே அந்தப் பட்டனை அமத்தி, ஹெட்றெஸ்டை உருவி, டிக்கிக்குள் போட்டோம். அவளும் "ஸ்ஸ்ஸ், இப்பதான் சீவன் வந்தது" என்றாள். எங்களுக்கும் ஏதோ பெரிய உதவி செய்த சந்தோசம்.

குருநாகல் தாண்டி ஒரு சந்தியில் முன்னால் வாகனங்கள் நிற்க, நாங்களும் நின்றோம். பின்னால் வந்த வான் நிற்கவில்லை. பெரிய வேகம் ஒன்றுமில்லை. ஒரு 'டொக்', அவ்வளவுதான். பம்பரில் ஒரு வெடிப்பு. அதைப்பற்றி இரண்டு றைவர்மாரும் றோட்டில் நின்று அரை மணித்தியாலம் பிரச்சினைப்பட்டார்கள். படம் எடுத்தார்கள், காசுக் கணக்குப் பேசினார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் ஒருவரும், நாங்கள் உட்பட, அவளிடம் கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. எக்ஸ்றேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. எலும்புக்கு ஒன்றுமில்லை என்றால் எங்கட வீடுகளில் என்ன சொல்வார்கள் என்று தெரியும்தானே? "சும்மா பிடிப்பு, எண்ணெய் போட்டு உருவினால் சரி." அந்தச் சும்மா பிடிப்போடுதான் அவள் இரண்டு மாதம் குனிந்து நோட்ஸ் எழுதினாள், செமஸ்டர் சோதனையும் எழுதினாள். தலையிடி வந்தால் கட்டிலில் படுத்துக்கொண்டு எங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ஹெட்றெஸ்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிரிக்கிற ஆக்களுக்காகத்தான் இதை முதலில் சொன்னோம்.

அந்தச் சாமானுக்கு வைத்த பெயரே பிழை. 'ரெஸ்ட்' என்றவுடன் தலை சாய்த்து ஓய்வெடுக்கத் தந்தது என்று நினைக்கிறோம். வாகனச் சட்டங்களில் அதற்குப் பெயர் அது இல்லை. தலையைத் தடுத்து நிறுத்துகிற சாதனம் என்ற பொருளில்தான் அதைக் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் புதுக் கார்களின் முன்சீற்றுக்கு அது கட்டாயமானது 1969 ஜனவரியில். அதற்கு முந்தின கார்களில் பெரும்பாலும் இல்லை. எங்கட அம்மப்பாமார் ஓடின ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். தோள் மட்டத்தோடு சீற் முடிந்துவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியதும் அந்தக் கார்கள்தான். தலைக்குப் பின்னால் காற்று மட்டும்.

பின்னால் இருந்து இடிபடும்போது நடப்பது இதுதான். சீற் எங்கட முதுகை முன்னுக்குத் தள்ளுகிறது. தலையைத் தள்ள ஒன்றுமில்லை, அது இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. உடம்பு போய்விட்டது, தலை போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கழுத்து ஆங்கில எஸ் எழுத்துப் போல வளைகிறது. எல்லாம் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவு நேரத்தில் முடிந்துவிடும். கழுத்தை இறுக்கிப் பிடிக்க எங்களுக்கு நேரமே கிடையாது. அந்த நேரத்தில் தலைக்குப் பின்னால் கிட்ட ஏதாவது இருந்தால் தலையும் முதுகோடு சேர்ந்து முன்னுக்கு வரும். தள்ளி இருந்தால் அந்த இடைவெளி அளவுக்கு வளைவு கூடும். கழட்டி டிக்கிக்குள் போட்டால்? அதைத்தான் நாங்கள் செய்தோம்.

ஆனால் அவளுடைய முறைப்பாடு பொய்யில்லை. அது உண்மையிலேயே தலையை முன்னுக்குத் தள்ளுகிறதுதான். பழைய கார்களில் இவ்வளவு தள்ளவில்லை என்று பெரியாக்கள் சொல்வதும் சரி. 2004 இல் அமெரிக்காவில் விதியை மாற்றினார்கள். முன்சீற்றில் ஹெட்றெஸ்ட் இன்னும் உயரமாக இருக்கவேண்டும், தலைக்கும் அதற்கும் இடையில் 55 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்று. 2008 இல் ஐக்கிய நாடுகள் ஊடாக உலகளாவிய விதி ஒன்றும் வந்தது. நோக்கம் நல்லது. சிக்கல் அளக்கிற விதத்தில். சீற்றின் முதுகை 25 பாகை அளவு பின்னுக்குச் சரித்து, சராசரி ஆண் உடம்பின் அளவில் செய்த ஒரு கருவியை அதில் இருத்தித்தான் அந்த இடைவெளியை அளக்கிறார்கள். அப்படிச் சரிந்து இருக்கிற ஆளுக்கு 55 மில்லிமீற்றர் சரிதான். கட்டையான ஒரு ஆள் ஸ்ரியறிங்குக்குக் கிட்டப் போய், முன்னால் றோட் தெரியவேண்டும் என்று நிமிர்ந்து இருந்தால் அந்த இடைவெளி இல்லாமலே போய்விடும். ஹெட்றெஸ்ட் பிடரியில் வந்து இடிக்கும். கொண்டை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவிலேயே உயரம் குறைந்த ஆக்கள் இதைப்பற்றி நிறைய முறையிட்டிருக்கிறார்கள். ஆகவே அது எங்கட கூனும் இல்லை, சோம்பலும் இல்லை. வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நாங்கள் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

அந்த வேறொருவர் ஆர் என்றும் தெரியும். மோதல் பரிசோதனைகளில் உலகம் முழுக்கப் பாவிக்கிற பொம்மை ஹைபிரிட் 3. ஜெனரல் மோட்டர்ஸ் 1976 இல் செய்தது. உயரம் 175 சென்ரிமீற்றர், நிறை ஏறக்குறைய 78 கிலோ, ஆண். பெண் பொம்மை என்று ஒன்று பின்னர் வந்தது. ஆனால் அது அந்த ஆண் பொம்மையைச் சின்னதாக்கியது, 150 சென்ரிமீற்றர் அளவு, 50 கிலோகூட இல்லை. ஒரு சராசரிப் பெண்ணின் உடம்பை மனதில் வைத்து, பின்னாலிருந்து இடிபடுவதைச் சோதிக்கவென்று ஒரு பொம்மையைச் சுவீடனில் அஸ்ட்ரிட் லிண்டர் என்ற ஆய்வாளரின் குழு செய்து வெளியில் காட்டியது 2022 இல். 162 சென்ரிமீற்றர், 62 கிலோ. நாங்கள் ஏ.எல். எழுதுகிற காலம் வரைக்கும், இந்தக் கழுத்துக் காயத்துக்கு அப்படி ஒரு பெண் உடம்பு ஆய்வுகூடத்தில் இருக்கவில்லை. இத்தனைக்கும் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் கூட வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. பாடத்தில் பால்நிலை, பால்நிலை என்று படிக்கிறோம். அது சீற்றின் நுரைக்குள்ளும் இருக்கிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

சரி, அது ஜப்பான், அமெரிக்கா, சுவீடன் கதை. எங்கட பங்கு என்ன?

ஒரு குடும்பம் காரில் ஏறுகிற ஒழுங்கைப் பாருங்கள். முன்சீற் அப்பாவுக்கு, இல்லாவிட்டால் மாமாவுக்கு. அங்கே உயர்ந்த ஹெட்றெஸ்ட் இருக்கும், பெல்ற் இருக்கும். பெல்ற் 2011 இலிருந்து முன்னுக்கு இருக்கிற ஆக்களுக்குக் கட்டாயம் என்பதால் பொலிசைக் கண்டாலாவது போடுவார்கள். பின்சீற்றில் அம்மா, அம்மம்மா, அக்கா, மடியில் பிள்ளை. நடுவில் இருக்கிறவருக்குப் பல கார்களில் ஹெட்றெஸ்டே கிடையாது. அந்த நடு இடம் எப்பவும் வீட்டில் ஆகச் சின்னவளுக்கு, "நீ மெல்லிசுதானே" என்று. வானில் என்றால் இடைவழியில் மடித்து விரிக்கிற சின்னச் சீற். அதன் முதுகு தோள் வரைக்கும்கூட வராது. அதிலும் எங்களில் ஒருத்திதான் இருப்பாள், எட்டு மணித்தியாலம். ஆக மோசமான சீற் ஆருக்கு என்று எந்தக் குடும்பமும் கூடிப்பேசி முடிவெடுப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது சரியாக ஒரே ஆளிடம்தான் போய்ச் சேருகிறது.

பிறகு வாகனம் வைத்திருக்கிற ஆக்களின் பவுசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனத்துக்கு மறுபடி விட்டது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருசத்தில் உள்ளுக்குள் ஓடின கார்களையே ஒன்றுக்கு இரண்டு விலை சொல்லி வாங்கி விற்றோம். அவ்வளவு காசு கொடுத்து வாங்கின காரின் சீற் அழுக்காகக் கூடாது. ஆகவே பொலித்தீன் கழட்டுவதில்லை, வெயிலுக்கு முதுகு அவியும். அதற்கு மேல் மொத்தமான கவர். அதற்கு மேல் ஹெட்றெஸ்டில் எலும்புத் துண்டு மாதிரி ஒரு தலையணை கொழுவி விடுவார்கள். ஏற்கெனவே முன்னுக்குத் தள்ளுகிற சாமானுக்கு மேல் இன்னொரு நாலு விரல் மொத்தம். சில கார்களில் பக்கத்து எயார் பாக் சீற்றுக்குள்ளேயே இருக்கிறது. கண்ட கண்ட கவரைத் தைத்து மூடினால் அது விரிய வழியில்லை. குசன் தைக்கிற கடையில் இதைக் கேட்டோம். "தம்பி, ஒருத்தரும் கேக்கிறேல்ல, நிறம்தான் கேக்கிறவை" என்றார் அவர்.

(ஹெட்றெஸ்ட் கழட்டக்கூடியதாக இருப்பது கண்ணாடி உடைக்கத்தான் என்று வட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு வீடியோ வரும். அதற்காகச் செய்ததில்லை. சித்தப்பாமார் நம்பிவிட்டார்கள், இனி ஒன்றும் செய்யேலாது.)

இதை வாசிக்கிற ஒரு ஆள் கேட்பார் என்று தெரியும்: பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கொம்பஸுக்கு வாற பிள்ளைகள் இருக்க, காருக்குள் இருக்கிறவனின் பிடரியைப் பற்றிக் கவலையோ? எங்களில் பாதிப் பேர் அந்த மிதிபலகையில்தான் வருகிறோம். அதனால்தான் சொல்கிறோம், இது ஒரே கதை. மிதிபலகையில் நிற்கிறவனையும் மடிப்புச் சீற்றில் இருக்கிறவளையும் பார்த்து "கொஞ்சத் தூரம்தானே, சமாளி" என்று சொல்கிறது ஒரே வாய்தான். சமாளிக்கத் தெரிந்ததை நாங்கள் பெரிய கெட்டித்தனமாக நினைத்துப் பழகிவிட்டோம். யுத்தம், தடை, எரிபொருள் வரிசை என்று சமாளித்து வந்த ஆக்களுக்கு கழுத்து நோகுது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவளும் அன்றைக்கு றோட்டில் நின்று, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "எனக்கொண்டுமில்ல" என்றுதான் சொன்னாள்.

கழட்டவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் இது பெரியாக்களின் புத்திமதி ஆகிவிடும், நோவு அப்படியே இருக்கும். நாங்கள் பிறகு செய்து பார்த்ததைச் சொல்கிறோம். பெரும்பாலான கார்களில் ஹெட்றெஸ்டை ஆக அடியில் இறக்கியபடியேதான் விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அது கழுத்தில் குத்தும், ஒன்றுக்கும் உதவாது. மேல்விளிம்பு தலை உச்சியின் மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள், குறைந்தது காதின் மேல்பக்கம் வரைக்கும். சிலதில் முன்பின்னாகச் சரிக்கவும் வழி இருக்கிறது, ஒருக்கால் இழுத்துப் பாருங்கள். தலையைத் தள்ளினால், சீற்றின் முதுகை ஒன்றிரண்டு பல் பின்னுக்கு விடுங்கள். ஹெட்றெஸ்டும் அதோடு பின்னுக்குப் போகும். நாரிக்கு ஒரு சின்னத் துவாயைச் சுருட்டி வைத்தால் முதுகு கொஞ்சம் முன்னுக்கு வந்து தலைக்கு இடம் கிடைக்கும், நாரி நோவும் குறையும். அந்த எலும்புத் தலையணையைக் கழட்டி வீட்டில் வையுங்கள். கொண்டையை அவிழ்த்துப் பின்னி முன்னுக்குப் போடுங்கள். கலியாண வீட்டுக்குப் போகிற அன்றைக்கு இது கஷ்டம், தெரியும். ஹெட்றெஸ்டை முன்பின் மாற்றித் திருப்பிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சுகமாகத்தான் இருக்குமாம். ஆனால் இடைவெளி கூடிவிடும், அந்த வளைவைச் சோதித்ததும் மற்றப் பக்கத்துக்குத்தான்.

பழைய மாருதி மாதிரிச் சின்னக் கார்களில் முன்சீற்றும் ஹெட்றெஸ்ட்டும் ஒரே துண்டு, அதில் செய்ய ஒன்றுமில்லை. பின்சீற்றில் அதுவே இல்லாத வாகனத்தில், மணிக்கணக்கில் போகிற பிரயாணத்தில் இடம் மாறி மாறி இருக்கலாம். முறிகண்டியில் ஒருக்கால், தம்புள்ளையில் ஒருக்கால். முன்சீற்றில் இருக்கிற அப்பாவும் அந்தச் சுற்றில் சேர்த்திதான்.

போன மாதம் ஒரு பற்ச் கலியாணத்துக்கு வவுனியாவுக்கு வான் பிடித்தோம். ஏறமுதல் அவள் பின்வரிசையைப் பார்த்தாள். ஹெட்றெஸ்ட் ஒன்றுமே இல்லை, தண்டு போகிற ஓட்டைகள் மட்டும். "அண்ணை, இதுகள் எங்க?" என்று கேட்டாள். அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது ஆக்களுக்கு இடிக்குதெண்டு கழட்டினது பிள்ளை" என்றார். பிறகு கடைசிச் சீற்றுக்குக் கீழே குனிந்து ஒரு உரப்பையை இழுத்தார். ஆறு ஹெட்றெஸ்ட், எல்லாம் இன்னும் பொலித்தீனோடு. கொழுவி முடிக்கப் பத்து நிமிசம் போனது. பிந்தித்தான் போனோம், தாலிகட்டு முடிந்துவிட்டது.