வேனில் அம்மம்மாவுக்கு இடமுண்டா?



விடுமுறை நெருங்கினால் நம் இல்லங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் வாழும் நமக்கு அப்பயணம் பெரும்பாலும் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தை நோக்கியதே. மார்ச், ஆகஸ்ட் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் குடும்பமாக வந்து, மரநிழலில் தங்கி, சமைத்துண்டு, செபித்துத் திரும்புகின்றனர்.

இம்மகிழ்ச்சியில் தவறேதுமில்லை. பணிமுடித்து வந்த திருத்தூதர்களைத் தனிமையான இடத்திற்கு அழைத்து, ஓய்வெடுக்கச் சொன்னவர் நம் ஆண்டவரே (மாற்கு 6:31).

ஆயினும், வேனில் இடம் போதாதபோது நாம் முதலில் நீக்கும் பெயர் யாருடையது? "அம்மம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமே" என்கிறோம். அவரும் புன்னகையுடன் தலையசைக்கிறார். அப்புன்னகைக்குப் பின்னுள்ள ஏக்கத்தை நாம் காண்பதில்லை.

நாம் தேடிச் செல்லும் அன்னம்மாள் யார்? அன்னை மரியாளின் தாய், இயேசுவின் அம்மம்மா! நம் அம்மம்மாவைக் காவலுக்கு வைத்துவிட்டு, இயேசுவின் அம்மம்மாவிடம் வரம் கேட்கச் செல்வது முறையா?

புனிதர்கள் சுவக்கின், அன்னம்மாள் திருநாளான ஜூலை 26ஐ ஒட்டி, அம்மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்தினார். அதன் பொருளை நம் பயணங்களிலும் வாழ்ந்து காட்டுவோம்.

அடுத்த பயணத்திற்குப் பெயர்களை எழுதும்போது முதியவரின் பெயரை முதலில் எழுதுங்கள். பயணம் செய்ய இயலாதவராயின், பிள்ளைகளில் ஒருவர் அவரருகே தங்கட்டும். அந்த வீடும் அன்று திருத்தலமே.